பந்தும் பட்டமும்: புணே மைதானங்களைக் கண்டு வந்தோம்

புணே நகரைக் காண வரும் தமிழன்பர்கள் பெரும்பாலும் சனிவார் வாடாவையும், பர்வதிக் குன்றையும், ஆகாகான் மாளிகையையும் பார்த்துவிட்டு, பொழுதிருந்தால் சிங்ககட் கோட்டைக்கும் ஏறி இறங்கி ஊர் திரும்புகின்றனர். இவை யாவும் காணத் தக்கவையே. ஆயினும், இராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் தலைமுறைகளாகவும், ஹிஞ்சவடிப் பக்கத்தில் சில ஆண்டுகளாகவும் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு இவற்றினும் நெருக்கமான இடங்கள் வேறு உண்டு. அவை இந்நகரின் விளையாட்டு மைதானங்கள். பொழுது புலருமுன்னே தோளில் பையை மாட்டிக்கொண்டு நம் பிள்ளைகள் போய்ச் சேரும் இடங்கள் அவை.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கத்து நண்பர் இருவருடன் நாம் அம்மைதானங்களை வரிசையாகச் சுற்றிவந்தோம். பொழுதுபோக்கு ஒன்றே நோக்கமாக இருக்கவில்லை. நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் இப்போது ஒரு கேள்வி எழுந்து நிற்கிறது. கல்லூரியில் முதலாண்டில் காலெடுத்து வைத்திருக்கும் பிள்ளை ஆட்டத்தில் பேரெடுக்கிறான். அவனைப் போன்ற சிலரை அணிகள் ஏலத்தில் எடுத்து இலட்சக்கணக்கில் பணம் கொடுக்கின்றன. "படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போது ஆட்டத்திலேயே இறங்கி விடுகிறேன்" என்று அவன் சொல்கிறான். தாய் ஒன்று சொல்கிறாள், தந்தை ஒன்று சொல்கிறார். இரவு உணவு வேளை வழக்காடு மன்றம் ஆகிவிடுகிறது. இக்கேள்விக்கு விடை தேடுவோர்க்குப் புணேயைப் போன்ற பாடசாலை வேறில்லை என்பது எம் எண்ணம்.

இரயில் நிலையத்திற்குச் சற்றுத் தொலைவில், நகரின் பழம்பெயரை இன்றும் விடாது வைத்துக்கொண்டிருக்கும் பூனா கிளப் மைதானத்தில் எம் பயணத்தைத் தொடங்கினோம். 1948ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இங்கே ஓர் அதிசயம் நிகழ்ந்தது. மகாராஷ்டிர அணிக்கு ஆடிய பாவுசாகிப் நிம்பால்கர், கத்தியவார் அணியின் பந்துவீச்சை அடித்து நொறுக்கி, ஆட்டமிழக்காமல் 443 ஓட்டங்கள் எடுத்து நின்றார். அந்நாளில் முதல்தர ஆட்டத்தில் உலகிலேயே உயர்ந்த எண்ணிக்கை ஆஸ்திரேலியர் டான் பிராட்மன் 1930இல் எடுத்த 452 ஆகும். இன்னும் பத்தே ஓட்டம் எடுத்தால் உலகச் சாதனை கைக்கு வரும். அந்த வேளையில் உணவு இடைவேளை குறுக்கிட்டது. எதிரணித் தலைவராக இருந்த ராஜ்கோட் மன்னர், "இதற்குமேல் ஆட மாட்டோம்" என்று சொல்லித் தம் அணியைத் திரட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. நிம்பால்கருக்கு இந்தியாவின் டெஸ்ட் அணியிலும் ஒருமுறையேனும் இடம் கிட்டவில்லை. இத்தகைய ஆட்டத்தை ஓர் இளைஞன் இன்று ஆடினால், மாலைக்குள் அவனைத் தேடி எத்தனை பேர் வருவர் என்று எண்ணிப் பார்த்தோம்.

அங்கிருந்து திலகர் சாலைக்கு வந்தால் சர் பரசுராம்பாவு கல்லூரி. எஸ்.பி. கல்லூரி என்றால்தான் ஊராருக்குத் தெரியும். 1916இல் தொடங்கிய இக்கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராக விளங்கியவர் தி. ப. தேவதர். காலையில் இலக்கணம் கற்பித்த அதே மனிதர் மாலையில் மட்டையை ஏந்தி மைதானத்தில் நின்றார். 1892இல் பிறந்த அவர் 1940இல், தம் 48ஆம் வயதில், பம்பாய் அணிக்கு எதிராக 246 ஓட்டங்கள் எடுத்தார். அவர் தலைமையில் மகாராஷ்டிரம் 1939-40, 1940-41 ஆகிய இரு பருவங்களில் ரஞ்சிக் கோப்பையை வென்றது. இரண்டாம் முறை இறுதி ஆட்டம் நடந்த இடம் நம் சென்னை, தோற்ற அணி நம் சென்னை மாகாண அணி என்பதைப் புணேத் தமிழர் சற்றே பெருமூச்சுடன் நினைவிற் கொள்ளலாம். தேவதர் 101 வயது வரை வாழ்ந்து 1993இல் மறைந்தார். அவர் பெயரால் ஒரு கோப்பையும் ஆடப்பட்டு வந்தது.

தேவதருக்குக் கல்லூரியும் மைதானமும் ஒரே வாழ்வின் இரு பக்கங்களாக அமைந்தன. ஆட்டம் சோறு போடாத காலம் அது. ஆகவே சோற்றுக்கு ஆசிரியப் பணி இருந்தது. எல்லாருக்கும் அவ்வாறு அமையவில்லை. அந்நாளிலும் திறமையை விலைகொடுத்து அழைத்துக்கொண்டோர் உண்டு. அவர்கள் சமஸ்தான மன்னர்கள். ஸி. கே. நாயுடுவை இந்தூரின் ஹோல்கர் மன்னர் தம் படையில் அமர்த்திக்கொண்டார். இதே புணேயில் மகாராஷ்டிரத்துக்காக 316 ஓட்டங்கள் எடுத்த விஜய் ஹசாரே, தேவாஸ் சமஸ்தானத்தில் பணிபுரிந்து, பின்னர் பரோடாவுக்குப் போய்ச் சேர்ந்தார். ஆகவே, பணத்தின் இழுப்பு புதிது என்று யாரும் வருந்த வேண்டியதில்லை. அன்று மன்னர் ஒரு பதவியைக் கொடுத்து அழைத்தார். ஆட்டம் ஓய்ந்தாலும் பதவி ஓரளவு நிலைத்தது. இன்றைய ஒப்பந்தம் பெரும்பாலும் பருவத்துக்குப் பருவம் புதுப்பிக்கப்பட வேண்டியது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

அடுத்து நாம் சென்ற இடம் டெக்கன் ஜிம்கானா. 1906இல் தோன்றிய இச்சங்கத்தின் விளையாட்டு விழாவில், தக்காணத்து உழவர் மக்கள் வெறுங்காலோடு நெடுந்தூரம் ஓடிய வேகத்தைக் கண்டு வியந்த தோராப்ஜி டாட்டா, 1920ஆம் ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் போட்டிக்கு இந்திய வீரர்களை அனுப்ப வழி செய்தார் என்பது வரலாறு. அவ்வட்டாரத்தில் இன்று கூடைப்பந்து ஆடும் கல்லூரி இளைஞரைப் பார்த்தோம். அவர்கள் அணிந்திருந்த பனியன்களில் இருந்த பெயர்கள் பாதி அமெரிக்க அணிகளின் பெயர்கள். அவர்கள் பேச்சிலும் அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்களின் பெயர்களே அடிபட்டன. நம் வீட்டுக் கேள்வியை உலகிலேயே அதிகமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் நாடு அமெரிக்காவாதலால், அந்த இளைஞர்களின் பேச்சைச் சிறிது தொடர்ந்து செல்வது நன்று.

அந்நாட்டில் கூடைப்பந்து கற்கும் பெரிய பட்டறைகள் கல்லூரிகளே. தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் ஒருமுறை கூடிப் புதிய இளைஞர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றன. அறுபது பேருக்குமேல் அதில் இடமில்லை. முன்னாளில் பள்ளிப் படிப்பு முடிந்தவுடனேயே நேராக அத்தேர்வுக்குச் செல்ல முடிந்தது. 2003இல் லெப்ரான் ஜேம்ஸ் அவ்வாறே பள்ளியிலிருந்து புறப்பட்டு முதலாமவராகத் தேர்வு பெற்றுப் பெரும்புகழ் அடைந்தார். அவருக்கு ஓராண்டு முன்னர், 2002இல், லென்னி குக் என்னும் இளைஞரும் தம் பெயரைத் தேர்வுக்குக் கொடுத்தார். பள்ளி நாட்களில் அவரை லெப்ரானுக்குச் சமமாக வைத்துப் பேசினார்கள். எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. பெயரைக் கொடுத்துவிட்டபடியால் கல்லூரி அணியில் ஆடும் உரிமையும் போயிற்று. முன்னே கதவு திறக்கவில்லை. பின்னே இருந்த கதவும் சாத்தப்பட்டது.

2005இல் விதி மாறிற்று. பத்தொன்பது வயது நிறைய வேண்டும், பள்ளிப் படிப்பு முடிந்து ஓராண்டேனும் கழிய வேண்டும் என்றனர். இதன் பயனாக, சிறந்த முதலாண்டு மாணவர் ஓராண்டு மட்டும் கல்லூரியில் ஆடிவிட்டுத் தொழிலுக்குப் போவது வழக்கமாயிற்று. அந்த ஓராண்டில் அவர்கள் ஆட்டத்தால் கல்லூரிக்கு வருவாய் குவிந்தது. ஆட்டக்காரருக்கோ படிப்புச் செலவும் உணவும் தங்குமிடமுமே கிடைத்தன. 2019 பிப்ரவரி 20ஆம் நாள், டியூக் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவரான ஸயன் வில்லியம்ஸனின் காலணி, ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே பிய்ந்து முழங்காலில் அடிபட்டது. "இன்னும் சில மாதங்களில் கோடிகளுக்கு உரியவன் இன்று ஊதியமின்றி ஏன் இந்த ஆபத்தில் இறங்க வேண்டும்?" என்று நாடே கேட்டது. நல்வேளையாக அவர் தேறி மீண்டும் ஆடினார். அவ்வாண்டே முதலாமவராகத் தேர்வும் பெற்றார். 2021 முதல் மாணவர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெற இடம் தந்தார்கள். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே மாணவருக்கு நேராகப் பணம் கொடுக்கலாம் என்றாயிற்று. தேர்வுக்குப் பெயர் கொடுத்தவரும் குறித்த நாளுக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டு மீண்டும் கல்லூரியில் ஆட வழி ஏற்பட்டிருக்கிறது. லென்னி குக்குக்குச் சாத்தப்பட்ட கதவைச் சிறிது திறந்து வைத்தார்கள் என்று கொள்ளலாம்.

நம் நாட்டிலிருந்தும் ஒருவர் அந்த வரிசையில் பெயர் பெற்றார். பஞ்சாபில் பல்லோ கே என்னும் சிற்றூரைச் சேர்ந்த சத்னாம் சிங், 2015இல் தம் 19ஆம் வயதில், 52ஆவது ஆளாக டல்லாஸ் அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியாவில் பிறந்த ஒருவர் அவ்வாறு தேர்வானது அதுவே முதல்முறை. நாடு மகிழ்ந்தது. ஆனால் அந்தப் பேரரங்கின் ஆட்டம் ஒன்றிலும் அவர் இறங்கும் வாய்ப்பு வாய்க்கவில்லை. பின்னாளில் அவர் மல்யுத்தக் காட்சிகளுக்குச் சென்றார். அதே 2015இல் இந்தியாவிலும் ஒரு தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டி தொடங்கிற்று. புணேக்குப் பேஷ்வாக்கள் பெயரால் ஓர் அணி, சென்னைக்கு ஓர் அணி என்று அமைத்தனர். சில பருவங்கள் ஆடியபின் அப்போட்டி நின்றுபோயிற்று. அணி நின்றாலும், அதில் ஆடியவர்க்கு வயிறு உண்டு அல்லவா?

டெக்கனிலிருந்து மேற்கே சென்று பாலேவாடி விளையாட்டு வளாகத்தை அடைந்தோம். 1994இல் தேசிய விளையாட்டுப் போட்டிக்கென எழுந்த பெருங்கட்டடங்கள் இவை. 2008இல் காமன்வெல்த் இளைஞர் போட்டிகளும் இந்நகரில் நடந்தன. நாம் சடுகுடு என்று ஆடிய ஆட்டம் இன்று கபடி என்ற பெயரில் விளக்கொளியில், தொலைக்காட்சி முன்னிலையில், ஏலம் எடுத்த வீரர்களைக் கொண்டு ஆடப்படுகிறது. 2014 முதல் புணேக்கு 'புணேரி பல்தன்' என்னும் அணி உண்டு. 2017 முதல் நம் நாட்டுக்குத் 'தமிழ்த் தலைவாஸ்' உண்டு. 2022 டிசம்பரில் மும்பையில் நடந்த அரையிறுதியில் இவ்விரண்டும் மோதிப் புணே 39, தமிழ்நாடு 37 என்று முடிந்த இரவில், நம்மவர் வீடுகளில் யாரை ஆதரிப்பது என்று பெற்றோரும் பிள்ளைகளும் இரு கட்சியாகப் பிரிந்ததை அன்பர்கள் அறிவர். பெரிய கல்லூரியின் வாசலை மிதிக்க வசதியற்ற சிற்றூர் இளைஞருக்கு இந்த ஏலம் ஒரு நல்வாழ்வுக்கு வழி திறந்திருக்கிறது. அதை இகழ்ந்து பேசுவது முறையன்று.

பாலேவாடியைக் கடந்து மும்பை விரைவுச் சாலையோரமாகச் சென்றால், குன்றுகளின் நடுவே கஹுஞ்சே கிரிக்கெட் அரங்கம் தோன்றுகிறது. எம் பயணத்தின் முக்கியமான இடம் இது. இவ்வரங்கின் வாயிலில் நின்றபோது எமக்கு முதலில் தோன்றிய எண்ணம், இங்கே வாழ்ந்து மறைந்த அணிகளைப் பற்றியது. இந்தியன் பிரீமியர் லீக் 2008இல் தொடங்கிற்று. 2011இல் புணேயின் பெயரால் ஒரு வாரியர்ஸ் அணி தோன்றி 2013இல் மறைந்தது. 2016இல் 'ரைஸிங் புணே' என்னும் பெயருடன் இன்னோர் அணி வந்தது. சென்னை அணியும் ராஜஸ்தான் அணியும் ஈராண்டு விலக்கப்பட்டிருந்த இடைவெளியை நிரப்ப வந்த இரண்டு அணிகளில் அது ஒன்று. முதலாண்டிலேயே வறட்சியின் காரணமாக, ஏப்ரல் முடிவுக்குப் பின் மகாராஷ்டிரத்தில் ஆட்டங்கள் கூடா என உயர்நீதிமன்றம் ஆணையிட, அணி விசாகப்பட்டினத்துக்குப் பெயர்ந்தது. 2017இல் இறுதி ஆட்டம் வரை சென்று, மும்பையிடம் ஒரே ஓட்டத்தில் தோற்றது. அத்துடன் அவ்வணியின் ஆயுளும் முடிந்தது.

குறுகிய ஆயுளுடைய அவ்வணியில் நம் தமிழ்நாட்டு இளைஞர் இருவரின் கதை அடங்கியிருக்கிறது. முதலாமவர் முருகன் அசுவின். சென்னையில் பொறியியல் பட்டம் பெற்ற சுழற்பந்து வீச்சாளர். 2016 ஏலத்தில் 10 இலட்சம் ரூபாய் அடிப்படை விலை குறித்திருந்த அவரைப் புணே அணி 4 கோடியே 50 இலட்சத்துக்கு எடுத்தது. அப்போது அவருக்கு 25 வயது. ஓராண்டில் புணே அவரை விடுவித்துவிட்டது. பின்னர் அவர் வேறு அணிகளுக்குச் சென்றார். ஓர் ஏலத்தில் அவர் விலை 20 இலட்சத்துக்கு இறங்கியது. 2022இல் மறுபடி 1 கோடியே 60 இலட்சத்துக்கு ஏறியது. தக்காளி விலை போல ஏறி இறங்கும் இந்த வருவாயை நம்பி வீட்டுக் கடன் வாங்க எந்தத் தந்தைதான் துணிவார்! கையில் பட்டம் இருந்தமையால், ஏறினாலும் இறங்கினாலும் நிமிர்ந்து நிற்க அவருக்கு ஓர் ஊன்றுகோல் இருந்தது.

இரண்டாமவர் வாஷிங்டன் சுந்தர். 2017இல் காயமுற்ற இரவிச்சந்திரன் அசுவினுக்கு மாற்றாகப் புணே அணிக்கு வந்தபோது அவருக்கு வயது 17. கல்லூரி முதலாண்டு மாணவனின் வயது என்று கொள்க. மும்பையின் வான்கடே அரங்கில் இறுதிக்கு முந்திய தகுதி ஆட்டத்தில் 16 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து மூன்று விக்கெட்டுகளைச் சாய்த்து ஆட்ட நாயகன் ஆனார். அவ்வாண்டு டிசம்பரிலேயே இந்திய அணியில் இடம் பெற்றார். அடுத்த ஆண்டு பெங்களூர் அணி அவரை 3 கோடியே 20 இலட்சத்துக்கு எடுத்தது. அவரது பெயரின் கதையும் நம் சிந்தனைக்கு உரியது. தந்தை சுந்தரும் கிரிக்கெட் ஆடியவர். வறுமையிலிருந்த இளமைக் காலத்தில், திருவல்லிக்கேணியில் அண்டையிலிருந்த ஒரு முன்னாள் இராணுவ வீரர் அவருக்குச் சீருடை வாங்கித் தந்தும் பள்ளிக் கட்டணம் கட்டியும் ஆதரித்தார். அந்நன்றியின் அடையாளமாகவே அப்பெரியாரின் பெயரைத் தம் மகனுக்கு இட்டார். மட்டை பிடிக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை அந்தப் பெரியவர் மறக்கவில்லை என்பதை நம் பெற்றோர் கருத வேண்டும்.

2018இல் சென்னை அணி மீண்டும் களத்துக்கு வந்தது. காவிரிப் போராட்டத்தின் காரணமாக, சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டம் முடிந்தவுடன் எஞ்சிய சொந்த ஊர் ஆட்டங்கள் புணேக்கு மாற்றப்பட்டன. சுமார் ஆயிரம் ரசிகர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து தனி இரயில் ஒன்று புணே வந்து சேர்ந்தது. கஹுஞ்சே அரங்கமே மஞ்சள் மயமாகத் திகழ்ந்தது. நம் சங்கத்துப் பெரியோர்கள்கூட மஞ்சள் சட்டை அணிந்த காட்சியைக் கண்டோம்.

அவ்வாண்டு இறுதியில் நடந்த ஏலத்தில், புணேயில் பிறந்து பிம்ப்ரி சிஞ்ச்வட் பகுதியிலுள்ள வெங்சர்க்கார் பயிற்சிக் கழகத்தில் பழகிய ருதுராஜ் கெய்க்வாட் என்னும் 21 வயது இளைஞரைச் சென்னை அணி 20 இலட்சத்துக்கு எடுத்தது. 2019 பருவம் முழுதும் அவருக்கு ஓர் ஆட்டமும் தரப்படவில்லை. 2020இல் நோயுற்றுத் தனிமையில் இருந்து மீண்டு வந்து, முதல் சில ஆட்டங்களில் சோபிக்காமல், முடிவில்தான் ஒளிர்ந்தார். 2021இல் 635 ஓட்டங்கள் எடுத்து அனைவரினும் முதல்வரானார். சென்னை கோப்பை வென்றது. 2024இல் தோனியிடமிருந்து அணித்தலைமை அவர் கைக்கு வந்தது. சென்னைப் பிள்ளை புணேக்கு வந்து பெயர் பெற்றார். புணேப் பிள்ளை சென்னைக்குச் சென்று தலைவரானார். வெளியூரில் பிழைக்கும் நமக்கு இதைவிட இனிய செய்தி ஏது? ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். அவர் காத்திருந்த அந்த ஓராண்டை யாரும் படம்பிடித்து ஒட்டி வைப்பதில்லை.

இனி எண்ணிக்கையைப் பார்ப்போம். 2024 நவம்பரில் ஜெட்டா நகரில் நடந்த பெரிய ஏலத்துக்குப் பதிவு செய்துகொண்டோர் 1,574 பேர். பட்டியலில் வைக்கப்பட்டோர் 577 பேர். விலைபோனவர் 182 பேர். பத்து அணிகள், ஓர் அணிக்கு அதிகபட்சம் 25 பேர், அவர்களில் வெளிநாட்டார் எட்டுப் பேர் வரை இருக்கலாம். வெளிநாட்டார் இடங்கள் நிரம்பினால், இந்தியா முழுமைக்கும் எஞ்சுவன 170 இடங்களே. இந்த ஏலத்தில்தான் பீகாரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் வைபவ் சூரியவம்சி 1 கோடியே 10 இலட்சத்துக்குப் போனான்; மறு ஆண்டு ஏப்ரலில் 35 பந்துகளில் சதமும் அடித்தான். சென்னையின் 18 வயது ஆந்த்ரே சித்தார்த்தைச் சென்னை அணி 30 இலட்சத்துக்கு எடுத்தது. 2023இல் மகளிர் போட்டியும் தொடங்கிவிட்டது; 2024 டிசம்பரில் தமிழ்நாட்டின் 16 வயது ஜி. கமலினியை மும்பை அணி 1 கோடியே 60 இலட்சத்துக்கு எடுத்தது. ஆகவே இது பெண் பிள்ளைகளைப் பெற்றோருக்கும் உரிய கேள்வியே. நாளிதழ்களில் வருபவர் இவர்கள். பதிவு செய்து, பட்டியலில் இடம்பெறாமல் மறுநாள் காலை மீண்டும் பயிற்சிக்குப் போனவர் ஆயிரம் பேர்.

தாமதமாகச் சென்றால் வாய்ப்பு போய்விடும் என்று அஞ்சும் பிள்ளைகளுக்கு வருண் சக்கரவர்த்தியின் வாழ்வை எடுத்துச் சொல்லுங்கள். பள்ளியில் கிரிக்கெட் ஆடி, 17 வயதில் அதை விட்டு, சென்னையில் கட்டடக் கலை பயின்று பட்டம் பெற்று, அத்தொழிலையும் சில காலம் செய்தவர் அவர். பிறகே மீண்டும் பந்தைக் கையில் எடுத்தார். 2018 டிசம்பர் ஏலத்தில், 27 வயதில், 20 இலட்சம் அடிப்படை விலையுடைய அவரைப் பஞ்சாப் அணி 8 கோடியே 40 இலட்சத்துக்கு எடுத்தது. முதல் பருவத்தில் ஒரே ஆட்டம், காயமும் சேர்ந்துகொண்டது. அவர் சோர்ந்து போகவில்லை. 2025இல் இந்தியா சாம்பியன்ஸ் கோப்பையை வென்றபோது ஒன்பது விக்கெட்டுகளை வீழ்த்தியவர் அவரே. பட்டம் வாங்கக் கழிந்த ஆண்டுகள் அவரது பந்தின் சுழற்சியைக் குறைத்து விடவில்லை.

இவ்வளவும் கண்டபின் எமக்குத் தெளிவான கருத்து இதுவே. அழைப்பு உண்மையாக வந்துவிட்டால், பிள்ளையைத் தடுக்க வேண்டாம். 17 வயதில் வாஷிங்டனைத் தடுத்திருந்தால் நட்டம் அவருக்கு மட்டுமன்று. ஆனால் அழைப்பு வருமுன்னே, வரும் என்னும் நம்பிக்கையில் படிப்பை உதறுவது, அப்பாயின்மெண்ட் கடிதம் வராமலே ஊரிலுள்ள நிலத்தை விற்றுவிட்டு இரயில் ஏறுவதை ஒக்கும். நம்மில் பலர் இந்நகருக்கு வந்த கதையைச் சற்று நினைத்துப் பாருங்கள். பத்தொன்பதிலும் இருபதிலும் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தோம். பெற்றோர் அழுதனர், எனினும் அனுப்பினர். நம் கையில் ஒரு கடிதம் இருந்தது. சட்டைப் பையில் ஓர் உறவினர் முகவரி இருந்தது. ஒத்துவராவிட்டால் திரும்பிப் போக ஊரில் ஒரு வீடு இருந்தது. அந்த மூன்றும் இருந்ததால்தான் நம் துணிவு துணிவாயிற்று. பிள்ளைக்கும் அவற்றையே தேடித் தருவோம். அவனுக்குத் திரும்பிவரும் வீடு அவன் படிப்பு.

அதைக் காப்பதற்கு வழிகள் இன்று முன்னைவிட மிகுதி. நாசிக்கைத் தலைமையிடமாகக் கொண்ட யஷ்வந்த்ராவ் சவாண் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், தில்லியின் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வீட்டிலிருந்தே பட்டம் பயில இடம் தருகின்றன. புதிய கல்விக் கொள்கையின்படி, கல்லூரியில் பெற்ற பாட மதிப்பலகுகளை ஒரு கணக்கில் சேமித்து வைத்து, இடையில் நிறுத்திப் பின்னர் தொடரவும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஆகவே, பிள்ளை சேர்ந்துள்ள கல்லூரியில் இவ்வசதி நடைமுறையில் இருக்கிறதா என்று பெற்றோர் நேரில் சென்று கேட்டறிய வேண்டும். இரயில்வேயும் படைகளும் விளையாட்டு வீரர்க்கு வேலை கொடுத்து ஆடவும் விடுகின்றன; அவ்வழியையும் இழிவாக எண்ணற்க.

ஒப்பந்தம் என்று ஒரு காகிதம் வந்தால், படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். 18 வயது நிறையாதவர் தாமாகச் செய்யும் ஒப்பந்தம் நம் நாட்டுச் சட்டத்தில் செல்லாது. கையெழுத்து பெற்றோருடையது, பொறுப்பும் பெற்றோருடையது. காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, ஆடாத பருவத்துக்குப் பணம் உண்டா, அணி கலைந்தால் என்ன ஆகும் என்னும் மூன்றையும் கேட்டு எழுத்தில் பெறுங்கள். "இவ்வளவு கொடுங்கள், உங்கள் பையனை அணியில் சேர்த்து விடுகிறோம்" என்று யாரேனும் வந்தால், வாசலிலேயே வணக்கம் சொல்லி அனுப்பி விடுங்கள். உண்மையான அணி ஆட்டக்காரனுக்குப் பணம் கொடுக்கும், அவனிடம் வாங்காது.

கஹுஞ்சேயிலிருந்து திரும்பும் வழியில், எம்முடன் வந்த நண்பர் ஒருவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். அவர் மகன் இவ்வாண்டுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான், வேகப்பந்து வீசுகிறான். "இந்த வருஷத் தேர்வை எழுதச் சொல்லப் போகிறேன், தேர்வு முடிந்த மறுநாள் நானே அவனைப் பயிற்சி முகாமுக்கு அழைத்துப் போவேன்" என்றார் அவர் கடைசியில். தந்தையும் மகனும் ஒரே வண்டியில் மைதானத்துக்குப் போகும் வீட்டில் வழக்காடு மன்றத்துக்கு வேலையில்லை. நம் சங்கத்தில் கல்லூரி ஆசிரியர்களும், வழக்கறிஞர்களும், ஒருகாலத்தில் மாநிலத்துக்காக ஆடிய பெரியோரும் இருக்கின்றனர். திருவல்லிக்கேணியில் ஒரு பெரியவர் அண்டை வீட்டுப் பிள்ளைக்குச் செய்ததை, புணேயில் நாம் அனைவரும் கூடிச் செய்ய இயலாதா? மாதத்துக்கு ஒரு ஞாயிறு இப்பிள்ளைகளோடு அமர்ந்து யோசனை சொல்ல முன்வருவோர் சங்கத்துக்கு எழுதுமாறு வேண்டிக்கொள்கிறோம்.